வீட்டைச் சுற்றி உப்பு

மேடம்,

இன்று மதியம் நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. குழந்தை இங்கே பத்திரமாக இருக்கிறாளா என்று கேட்டீர்கள். இருக்கிறாள் என்றேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. பேச வராவிட்டால் எழுதிக் கொடுங்கள், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லி நான்கு தாளைக் கொடுத்துவிட்டு, ஓடைவரை நடந்து போய் ஜீப்பில் ஏறினீர்கள். நாளைக்கு அதே ஜீப்பில்தான், வெளியூரிலிருந்து திரும்புகிற என் கணவரும் வருவார் என்றீர்கள். அதனால் இன்றைக்கே எழுதி முடித்தாக வேண்டும்.

தளிர் தூங்குகிறாள். புங்க எண்ணெய் விளக்கு, புகை கண்ணைக் கரிக்கிறது, எழுத்து கோணலாகப் போனால் மன்னியுங்கள். கான்வென்டில் கையெழுத்துக்காக எனக்கு இரண்டு தடவை பரிசு கொடுத்திருக்கிறார்கள். மார்ஜின் இல்லாமல் எழுதினால் எங்கள் சிஸ்டர் தாளைக் கிழித்தே போடுவார். இங்கே ஸ்கேல் கிடையாது, தாளை மடித்து மார்ஜின் விட்டிருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் ஆன்டோ கெட்டவர் இல்லை. அப்பா உங்கள் குழந்தைகள் நல ஆபீசுக்கு அனுப்பிய புகாரில் என்ன எழுதியிருக்கிறாரோ எனக்குத் தெரியாது. பெண்ணையும் பேத்தியையும் காட்டில் அடைத்து வைத்துக் கொடுமை செய்கிறான் என்று எழுதியிருந்தால் அது உண்மை இல்லை. ஆன்டோ குடிக்க மாட்டார். என்னை அடித்ததில்லை. குரலை உயர்த்திப் பேசினதுகூட இல்லை. பயந்தவள் நான்தான். ஹாஸ்டலில் பாத்ரூம் போவதற்கு மூன்று பேரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிறவள் நான். அதை மனசில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

நாங்கள் இங்கே வந்தது போன ஜூன் மாதம். தளிருக்கு அப்போது நான்கு மாதம். ஆன்டோ சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு இந்த இரண்டு ஏக்கரை வாங்கியிருந்தார். கரண்ட் கிடையாது, வேண்டாம் என்றார். போன் எடுக்காது, அது நல்லது என்றார். அப்பா திண்டுக்கல் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, நான் பெண் கொடுத்தது இன்ஜினியருக்கு என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆன்டோ சிரித்துக்கொண்டே சாமான்களை வண்டியில் ஏற்றினார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், இவர் கூட இருந்தால் எதுவும் ஆகாது என்று எனக்குத் தோன்றியது. எதற்கும் பயப்படாத மனிதர் மேடம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வீட்டைக் கட்டியது அவரே. மண் சுவர், மேலே தகரம். ஆணி அடிக்கக் கூடாது என்று தகரத்தைக் கயிற்றால் கட்டி மேலே கல் வைத்திருக்கிறார். கதவு எங்கே என்று கேட்டேன். கதவு போட்டால் காடு நமக்கு அந்நியமாகிவிடும் ஜெனி என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு சாயங்காலம் அரிசி டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து வாசலை மறைத்திருந்த மூங்கில் தட்டிக்குப் பின்னால் நிறுத்தினேன். காற்று வருவதை அது மறைக்கிறது என்று காலையில் அவர் அதைத் திரும்ப உருட்டிவிட்டார். தினமும் இது நடந்தது. நான் உருட்டுவேன், அவர் உருட்டுவார். சண்டையே இல்லை.

ஜூலையிலிருந்து அவர் வெளியூர் போக ஆரம்பித்தார். தற்சார்பு முகாம் என்று நடத்துகிறார்கள் இல்லையா, யாரையும் எதையும் நம்பாமல் இயற்கையோடு வாழ்வது எப்படி என்று நகரத்துக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. கோயம்புத்தூர், பெங்களூர், பாண்டிச்சேரி. போனால் ஐந்து நாள், சில சமயம் பத்து நாள். அப்போது நானும் குழந்தையும்தான்.

இங்கே காட்டுமாடு வரும். உங்களை அழைத்து வந்த டிரைவர் சொல்லியிருப்பார். யானையாவது வருஷத்தில் இரண்டு தடவை வந்து போகும் என்கிறார்கள். காட்டுமாடு அப்படி இல்லை, காப்பிச் செடிக்குள் நின்றால் பாறை மாதிரி இருக்கும், பாறை மூச்சு விடும்போதுதான் தெரியும். பயத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பால் குறைந்துவிட்டது. பால் குறைந்ததில் இன்னும் பயம்.

அப்போதுதான் அந்த டம்ளர் வேலையைச் செய்தேன். நீங்கள் தடுக்கி விழப் பார்த்தீர்களே, அதுதான். கல்யாணத்துக்கு வந்த பாத்திரமெல்லாம் அட்டைப்பெட்டியில் சும்மா கிடந்தது. வீட்டைச் சுற்றி முழங்கால் உயரத்தில் நூல் கம்பி கட்டி, அதில் ஸ்பூன்களைத் தொங்கவிட்டேன். காற்று அடித்தால்கூட ஸ்பூன் அடித்துக்கொண்டது, மூன்று நாள் தூக்கமில்லை. பிறகு யோசித்து, தட்டைக் கல்லின் விளிம்பில் டம்ளரை வைத்து, உள்ளே ஐந்து கூழாங்கல் போட்டு, கம்பியை இழுத்தால் மட்டும் டம்ளர் கீழே விழுகிற மாதிரி செய்தேன். காற்றுக்கு அசையாது. ஸ்பூன்களை ஒன்றோடொன்று இடிக்காதபடி தள்ளித் தள்ளிக் கட்டிவிட்டேன். கிழக்கே பித்தளை, தெற்கே எவர்சில்வர், மேற்கே பிஸ்கட் டப்பா. ஹாஸ்டலில் ஒவ்வொரு சிஸ்டரைக் கூப்பிடவும் ஒவ்வொரு விதமாக மணி அடிப்பார்கள், எந்த மணி யாருக்கு என்று தூக்கத்தில்கூடத் தெரியும். அது மாதிரி, சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஆன்டோ வந்து பார்த்துவிட்டு முதலில் சிரித்தார். அப்புறம் படம் எடுத்துக்கொண்டார். இப்போது முகாமில் இதற்கென்று ஒரு மணி நேர வகுப்பே இருக்கிறது, ‘ஒலி வேலி’ என்று பெயர். எவ்வளவு அழகான பெயர் பாருங்கள். எனக்கு அப்படியெல்லாம் பெயர் வைக்க வராது. நான் ஏதோ பயத்தில் கட்டினேன், அதை ஒரு விஷயமாக ஆக்கியது அவர்தான்.

மழை பிடித்ததும் அட்டை வந்தது. மேடம், யானையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அட்டை முடியாது. ஒருநாள் தளிருடைய கண் இமையில் ஒன்று ஒட்டியிருந்தது. அன்றைக்கு நான் கத்திய கத்தல் ஓடைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டிருக்கிறது. ஒரு அக்கா ஓடி வந்தார்கள். அவர்கள்தான் பஞ்சவர்ணம். எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயன் வீட்டில் இருப்பவர்கள், நாற்பது வயது இருக்கும். வந்ததும் வராததுமாக ஒரு கல் உப்பை எடுத்து அட்டையின் மேல் வைத்தார்கள், அது சுருண்டு விழுந்துவிட்டது. நான் ஆங்கிலத்தில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு அன்றைக்கு எனக்கு டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்ததில்லை என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

அட்டைக்கு உப்பு என்று தெரிந்ததும் நான் விடவில்லை. ஊறுகாய் போடுவதற்காக ஆன்டோ ஒரு மூட்டை கல் உப்பு வாங்கி வைத்திருந்தார். அதை அள்ளி வீட்டைச் சுற்றி சுவரோரமாகக் கோடு போட்டேன். வாசலில் மட்டும் இரண்டு விரல் கனத்துக்கு. மழையில் கரையக் கரைய மறுபடி போடுவேன். பஞ்சவர்ணம் அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அவர்கள் தடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. இது என் தப்பு, இதில் ஆன்டோவுக்குச் சம்பந்தமில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அட்டையை எடுத்த அன்றைக்கு அந்த அக்கா போகும்போது ஒரு ஏற்பாடு சொன்னார்கள். எங்கள் துணிக்கொடி அவர்கள் லயன் வாசலிலிருந்து நேராகத் தெரியும். தினமும் காலையில் பிள்ளைத் துணி கொடியில் கிடந்தால் நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று அர்த்தம். பத்து மணிக்குள் துணி இல்லையென்றால் அவர்கள் ஏறி வந்துவிடுவார்கள். அன்றிலிருந்து துணி துவைப்பது எனக்குத் திருப்பலிக்குப் போகிற மாதிரி ஆகிவிட்டது. ஆறு துணி, ஓரத்தை நேராக இழுத்து, ஒன்றுக்கொன்று தொடாமல்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் துவைக்க மாட்டேன். ஹாஸ்டலில் ஏழு வருஷம் இருந்தவள் நான், ஞாயிறு துவைத்தால் பாவம் என்று உடம்பிலேயே ஊறிவிட்டது. அவர்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். முதல் ஞாயிறே பதினொரு மணிக்கு அக்காவும் இரண்டு ஆண்களும் அரிவாளோடு வந்து நிற்கிறார்கள், காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம். நான் வாசலில் உட்கார்ந்து பைபிள் படித்துக்கொண்டிருக்கிறேன். விஷயத்தைச் சொன்னதும் அக்காவுக்கு வந்ததே கோபம். “உங்க சாமிக்கு ஞாயித்துக்கிழம லீவுன்னா காட்டுமாட்டுக்கும் லீவா டீச்சர்” என்று கேட்டுவிட்டு, கூட வந்தவர்களிடம், இனிமே ஞாயித்துக்கிழம நாம பாக்க வேண்டியதில்ல, அன்னைக்கு மட்டும் இந்தப் பொண்ண அவங்க சாமியே பாத்துக்கட்டும் என்று சொல்லிப் போனார்கள்.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன். அப்பா எழுதியிருப்பது அந்த நாளைப் பற்றித்தான் இருக்கும்.

அக்டோபர் கடைசி ஞாயிறு. ஆன்டோ போய் ஒன்பது நாள். சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்தே தளிர் குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாள், வயிற்றாலும் போயிற்று. விடிந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு லயனுக்குப் போய்விடலாம் என்று முதுகில் சேலையால் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது மேற்குப் பக்கம் பிஸ்கட் டப்பா விழுந்தது.

தட்டி இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஒற்றைக் காட்டுமாடு. கூட்டமாக வந்தால் மேய்ந்துவிட்டுப் போய்விடும், ஒற்றை அப்படி இல்லை என்று அக்கா சொல்லியிருக்கிறார்கள். அது என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து சுவரோரமாக நக்கிக்கொண்டிருந்தது. ஏன் நக்குகிறது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. நான் போட்ட உப்பு, மேடம். உப்பைத் தின்றுகொண்டே அது என் வீட்டைச் சுற்றி வந்தது. அவசரமே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நாக்கு உரசுகிற சத்தம். நான் இந்தப் பக்கம் அந்தச் சத்தத்தோடு சேர்ந்து நகர்ந்தேன், அதற்கு நேர் எதிரில் நிற்கக் கூடாது என்று. கடைசியில் வாசலுக்கு வந்தது. அங்கேதான் உப்பு அதிகம். அங்கேயே நின்றுவிட்டது. அது விட்ட மூச்சில் தட்டி ஆடியது.

அரிசி டிரம்மை நகர்த்தப் பயம், சத்தம் கேட்கும். குடத்தில் தண்ணீர் ஒரு டம்ளர்தான் இருந்தது, காலையில் ஓடைக்குப் போய்த்தான் எடுப்பேன். துணிக்கொடி மாட்டுக்குப் பின்னால். கொடியில் துணி இல்லை. ஞாயிற்றுக்கிழமை, யாரும் பார்க்க மாட்டார்கள்.

தளிர் அழுதாள். அழுகைச் சத்தம் வருகிறது, கண்ணீர் வரவில்லை. கண்ணுக்குக் கீழே தொட்டுப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. கண்ணீர் இல்லாமல் அழுகிற குழந்தையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் வேலையில் பார்த்திருப்பீர்கள்.

அதற்கு அப்புறம் செய்ததெல்லாம் எப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. யோசித்துச் செய்யவில்லை, பயத்தில் கை தானாகப் போயிற்று. பின் பக்கம் கட்டிலின் மேல் ஸ்டூலைப் போட்டு ஏறி, கூரைக் கயிற்றை அரிவாள்மனையில் அறுத்தேன். மூங்கிலால் தகரத்தை நெட்டித் தள்ளினேன். மேலே இருந்த கல் உருண்டு வீட்டுக்குப் பின்னால் விழுந்தது. மாடு அசையவில்லை. தகரம் ஒரு முழம் விலகியதும், விடியலிலிருந்து பெய்துகொண்டிருந்த மழை உள்ளே கொட்டியது. கீழே அண்டாவை வைத்தேன். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, உப்பும் கருப்பட்டியும் போட்டு ஆற்றினேன். ஹாஸ்டல் சிக் ரூமில் இதைத்தான் கொடுப்பார்கள். ஸ்பூன் எல்லாம் வெளியே கம்பியில் தொங்குகிறது. கூரை ஓட்டை ஓரமாக நீட்டிக்கொண்டிருந்த பலா இலை ஒன்றைப் பறித்து, மடித்துக் குச்சி குத்தி, அதில் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதல் பத்துச் சொட்டை வாந்தி எடுத்தாள். மறுபடி விட்டேன்.

அப்புறம் இன்னொன்று தோன்றியது. தினமும் துணி கிடந்தால் நல்லது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை துணி தெரிந்தால்? துவைக்காத துணியையெல்லாம், அழுக்கோடு, மூங்கிலில் வரிசையாகக் கட்டினேன். கூரை ஓட்டை வழியாக மேலே நீட்டினேன். ஒரு கையில் மூங்கில், ஒரு கையில் குழந்தை. எதிரே மலை முழுக்க மூடுபனி. லயனும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. பனி விலகுகிறவரை கையை இறக்கக் கூடாது என்று நின்றேன். விலகினாலும் யாராவது பார்க்க வேண்டுமே. ஜெபம் சொல்ல முயற்சி செய்தேன், பாதியில் வார்த்தை மறந்துவிட்டது. வாசலில் நக்குகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கை மரத்துவிட்டது. பனி ஒரு தடவை விலகியது, கொஞ்ச நேரம்தான், மறுபடி மூடியது. ரொம்ப நேரம் கழித்து ஓடைப் பக்கம் தகரம் தட்டுகிற சத்தம் கேட்டது. ஏழெட்டுப் பேர். மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. விருந்து சாப்பிட்டு எழுந்த ஆள் மாதிரி நிதானமாகக் காப்பிக்குள் இறங்கிப் போயிற்று.

அக்கா உள்ளே வந்து முதலில் குழந்தையைத்தான் வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்க மாட்டேன் என்றீர்களே என்று நான் கேட்டேன். அப்போது எனக்கு அதுதான் கேட்கத் தோன்றியது.

“கோவத்துல சொல்றதுதான். ஞாயித்துக்கிழமதான் ரெண்டு தடவ பாப்பேன். கூரை மேல துணி மொளச்சிருக்கவும், டீச்சருக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சின்னு நெனச்சேன். கிறுக்கோ என்னவோ, தனியா விடக் கூடாதுன்னு ஆளக் கூட்டிட்டு வந்தேன்.”

வாசலைப் பார்த்துவிட்டு, பந்தியில் முதலில் உப்பு வைக்கிற மாதிரி மாட்டுக்கு வைத்து அழைத்திருக்கிறாயே என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் ரொம்ப நேரம் அழுதேன்.

இரண்டு நாள் லயனில் அவர்கள் வீட்டில் இருந்தேன். தளிருக்குச் சரியாகிவிட்டது. பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை, எதிரில் ரேடியோ, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமிக்கொண்டே இருந்தார்கள். நான்கு மாதத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன். திரும்பி வரும்போது அக்காவின் வீட்டுக்காரர் பழைய பலகைகளைச் சேர்த்து வாசலுக்குக் கதவு அடித்துக் கொடுத்தார். தாழ்ப்பாளோடு.

ஆன்டோ வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முழுதாகக் கேட்டார், குறுக்கே பேசவில்லை. “பார்த்தாயா ஜெனி, உன்னால் முடிந்தது. இதைத்தான் நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்” என்றார். அது உண்மைதான். அவர் இங்கே அழைத்து வந்திராவிட்டால் எனக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா? அடுத்த வாரம் அந்தக் கதவைக் கழற்றி ஷெல்ஃப் ஆக்கிவிட்டார். இப்போது அவர் புத்தகங்கள் அதில்தான் இருக்கின்றன. ஷெல்ஃப் நன்றாகத்தான் வந்திருக்கிறது, ஒரு கோணல் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை அவர் முகாமில் கதையாகச் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது நாங்கள் கூரையைப் பிரித்தோம், நாங்கள் மழைநீரைப் பிடித்தோம் என்று சொன்னாராம். கணவன் மனைவி ஒன்றுதானே, அப்படித்தானே சொல்வார்கள். அதை யாரோ வீடியோவாகப் போட, அதில் எல்லோரும் கைதட்டுகிறார்கள், அப்பா திண்டுக்கல்லில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பேத்தி செத்துப் பிழைத்ததற்குக் கைதட்டல் என்றுதான் உங்கள் ஆபீசுக்கு எழுதியிருப்பார். நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

இங்கே பத்திரமில்லை என்று தெரிந்தால் குழந்தையை என் பிறந்த வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எழுத வேண்டியிருக்கும் என்றீர்கள். அப்பா வீட்டில் கரண்ட் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், நல்ல கதவு இருக்கிறது. ஆனால் அங்கே தளிருக்கு என்ன கொடுப்பது, எப்போது தூங்க வைப்பது, எல்லாவற்றையும் அப்பாவும் அண்ணியும் தீர்மானிப்பார்கள். உனக்கு ஒன்றும் தெரியாது, தள்ளு என்பார்கள். இருபத்துமூன்று வருஷம் அதைக் கேட்டு, உண்மையிலேயே ஒன்றும் தெரியாதவளாகத்தான் நான் அங்கிருந்து வந்தேன். குழந்தையை வாங்கிக்கொண்டு என்னைத் தள்ளிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

அதனால் நான்காவது தாளில் கேட்கிறேன். குழந்தை பத்திரமாக இருக்கிறாளா என்று கேட்டீர்கள். இல்லை. மதியம் சொன்னது பொய். இந்த வீட்டில் அவள் பத்திரமாக இல்லை. திண்டுக்கல்லுக்கும் வேண்டாம். லயனில் பஞ்சவர்ணம் அக்கா வீட்டுக்கு அடுத்து ஒரு வீடு காலியாக இருக்கிறது. காப்பிக்கொட்டை பொறுக்குகிற வேலைக்கு வந்தால் தருவதாக எஸ்டேட் சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். கத்தினால் ஒரு பெண்ணுக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. ஆன்டோ இங்கேயே இருக்கட்டும். ஓடையைத் தாண்டி அவர் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. மூன்று தடவை ஆரம்பித்தேன். அவர் கோபப்படுவதில்லை மேடம், கோபப்பட்டால்கூடச் சொல்லிவிடுவேன். சிரிப்பார். உட்கார் ஜெனி என்பார். பொறுமையாக விளக்குவார். விளக்கி முடிக்கும்போது நான் என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கே தெரியாது, அவர் சொன்னதுதான் என் எண்ணம் என்று தோன்றும். வாசலில் மாடு நின்றபோது எனக்கு என்ன செய்வதென்று தெரிந்தது. அவர் விளக்கும்போது தெரிவதில்லை.

நாளைக்கு நீங்களும் அவரும் ஒன்றாகத்தான் ஏறி வருவீர்கள். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டு வருவார், உங்களுக்கு அவரைப் பிடித்துவிடும், எல்லோருக்கும் பிடிக்கும். இங்கே வந்ததும் இந்தத் தாளை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிடாதீர்கள். கொஞ்ச நேரம் உட்காருங்கள். நான் உங்கள் முன்னால் அவரிடம் வாயால் சொல்லப் போகிறேன். சொல்லி முடித்ததும் அவர் உங்கள் பக்கம் திரும்பி விளக்க ஆரம்பிப்பார். அப்போது தயவுசெய்து அவரைப் பார்க்காதீர்கள் மேடம். என்னைப் பாருங்கள்.

ஜெனிட்டா